டெக்சா போட்ட ராத்திரிகள்

மார்பகப் புற்று என்று வந்த பயாப்சி ரிப்போர்ட்டைப் படித்து முடித்ததும் டாக்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "19 வருஷம் நைட் டியூட்டி பாத்திருக்கேன் டாக்டர். அதனாலயா?"

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஒரு தனி ஆளைக் காட்டி அப்படிச் சொல்ல முடியாது சிஸ்டர்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் புற்றுநோய் வந்ததில்லை. எனக்கு மட்டும் ஏன்?

ராத்திரியில் வேலை செய்வது எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை. அப்பா கோயமுத்தூர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் இருந்தார். இந்த வாரம் அரை நைட்டா, முழு நைட்டா என்பதைப் பொறுத்துத்தான் எங்கள் வீட்டில் ரேடியோவின் சத்தமே இருக்கும். அப்புறம் நான் நர்ஸானேன். எங்கள் வார்டில் நைட் என்றால் இரவு 8 முதல் காலை 8 வரை, மாதத்தில் 10 நாள் தொடர்ச்சியாக. அடுத்த ஷிஃப்டுக்கு ஓவர் கொடுத்துவிட்டு வீடு வந்து சேர 9 மணி ஆகும். சமைத்து, துவைத்துப் படுக்க 11 ஆகிவிடும். கண் அசந்தால் கேஸ்காரர் மணி அடிப்பார்.

அப்படி ஒரு நைட் முடிந்து வந்து குளிக்கும்போதுதான் இடது பக்கம் புளியங்கொட்டை அளவில் ஒன்று கையில் தட்டுப்பட்டது. வலியே இல்லை. ஓ.பி. ஆரம்பிப்பது காலை 9 மணிக்கு. அப்போதுதான் எனக்குக் கண் சொருகும். இந்த நைட் முடியட்டும், அடுத்த ஆஃப் வரட்டும் என்று நான்கு மாதம் தள்ளினேன். அடுத்தவர்களுக்கு எல்லாம் "கட்டி இருந்தா உடனே வந்து காட்டுங்கம்மா" என்று சொல்கிற ஆள் நான். நைட் டியூட்டி என் உடம்பின் செல்களை என்ன செய்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாமல் போகலாம். அந்த நான்கு மாதத்தை அது தின்றது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். பகலில் தூங்குகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி நேரம் ஒத்துவராது. நைட் பார்க்கிற பெண்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். கட்டி தட்டுப்பட்டால் தூக்கத்தை விட்டுவிட்டுப் போய்க் காட்டுங்கள். ஒரு நாள் தூக்கம் போனால் அடுத்த நாள் தூங்கிக்கொள்ளலாம்.

ஆபரேஷன் முடிந்து கீமோ. முதல் நான்கு முறை சிவப்பு மருந்து. அடுத்தது பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து. அதை ஏற்றும்போது அலர்ஜி வராமல் இருக்க, 12 மணி நேரம் முன்பும் 6 மணி நேரம் முன்பும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை போடச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் 20 மில்லிகிராம். காலை 10 மணிக்கு மருந்து ஏற்ற வேண்டுமென்றால் கணக்குப் பாருங்கள்: இரவு 10 மணிக்கு ஒரு தடவை, விடிகாலை 4 மணிக்கு ஒரு தடவை.

நூற்றுக்கணக்கானவர்களுக்கு நானே டெக்சா ஊசி போட்டிருக்கிறேன். அது உள்ளே போனால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உடம்பு ஓய்ந்து கிடக்கிறது, மண்டைக்குள் மட்டும் பகல் 12 மணி. ராத்திரி 2 மணிக்குச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அரைக் கிலோ பூண்டை உரித்துக்கொண்டிருந்தேன்.

லைட் எரிவதைப் பார்த்து என் அண்ணன் மகள் எழுந்து வந்தாள். பெங்களூரில் உடல் கடிகாரத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். என்னைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரம் லீவு போட்டு வந்திருந்தாள்.

"ஏனுங் அத்தை, தூங்கலீங்களா?"

"டெக்சா போட்டா எங்க கண்ணு தூக்கம் வருது?"

"டெக்சாவா? டெக்சாமெத்தசோனுங்களா?" என்றவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "அத்தை, லேப்ல நாங்க செல்லுக்கு ஊத்தறதே அதைத்தானுங். கடிகாரத்தை எல்லாம் ஒரே நேரத்துக்குத் திருப்பி வைக்கறதுக்கு."

அன்று விடியும்வரை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் உரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவள் அனுப்பியதையெல்லாம் படித்தேன். புரியாததைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நம் உடம்பில் அநேகமாக ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது மரபணுக்களால் ஆனது. கிளாக், பிமால்1 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து பெர், கிரை என்ற மரபணுக்களை முடுக்கிவிடும். அவற்றிலிருந்து உண்டாகும் புரதங்கள் மெல்லச் சேர்ந்து, செல்லின் உட்கருவுக்குள் போய், தங்களை உண்டாக்கிய அந்த இரண்டையுமே அடக்கிவிடும். பிறகு அவையும் சிதைந்து போகும். தடை விலகியதும் மறுபடி முதலிலிருந்து. இந்தச் சுற்றுக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய 24 மணி. 1971-இல் கொனோப்கா, பென்சர் என்ற இருவர் பழ ஈக்களில் கண்டுபிடித்த ஒரு மரபணுவில் தொடங்கிய கதை இது. அந்தச் சுற்று எப்படி ஓடுகிறது என்று காட்டியதற்காக ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

மூளையில், கண் நரம்புகள் குறுக்கே சந்திக்கிற இடத்துக்கு மேலே, சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு தலைமைக் கடிகாரம் இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து அது நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். ஈரலுக்கும் குடலுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் அது நேரம் சொல்லி அனுப்பும் வழிகளில் ஒன்று, விடிகாலையில் ஏறும் கார்ட்டிசோல் ஹார்மோன். டெக்சா அதே வகையில் செயற்கையாகச் செய்த மருந்து. ராத்திரி 10 மணிக்கு 20 மில்லிகிராம் போட்டால், 'விடிந்துவிட்டது, எழுந்திரு' என்று உடம்பு முழுக்கத் தண்டோரா போட்ட மாதிரி. நான் ஏன் பூண்டு உரித்தேன் என்பது புரிந்தது.

போனில் ஒரு படம் காட்டினாள். தட்டில் வளர்கிற செல்களுக்கு ஒரு மணி நேரம் டெக்சா கொடுத்துக் கழுவிவிடுவார்களாம். அந்தச் செல்களின் கடிகார மரபணுவோடு மின்மினிப் பூச்சியின் ஒளிரும் மரபணுவை இணைத்திருப்பார்கள். கடிகாரம் ஏறினால் ஒளி கூடும், இறங்கினால் குறையும். திரையில் அலை மாதிரி ஏறி இறங்கியது கோடு. ஒரு அலை, ஒரு நாள். "இது சாதாரண மார்பகச் செல்லுங் அத்தை. இதைப் பாருங்க" என்று இன்னொரு கோட்டைக் காட்டினாள். மார்பகப் புற்றிலிருந்து எடுத்து வளர்த்த செல். அலை ரொம்பவும் தணிந்து, ஏறக்குறைய தட்டையாகவே போனது.

ஐ.சி.யூ.வில் மானிட்டர் பார்த்துப் பழகிய கண் எனக்கு. தட்டையான கோட்டைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். "புத்து செல்லுக்கெல்லாம் கடிகாரம் நின்னுடுமா?" என்று கேட்டேன். அப்படி இல்லையாம். யூ2ஓஎஸ் என்ற ஒரு செல் வகை எலும்புப் புற்றிலிருந்து வந்தது. அதன் கடிகாரம் அவ்வளவு ஒழுங்காக ஓடும் என்பதாலேயே உலகம் முழுக்கக் கடிகார ஆய்வுக்கு அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆக, ஒவ்வொரு புற்றும் ஒவ்வொரு மாதிரி.

கடிகாரத்துக்கும் புற்றுக்கும் தொடர்பு எங்கே என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன ஈரல் கதையை என்னால் மறக்கவே முடியாது. எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் அது மறுபடி வளர்ந்துவிடும். 2003-இல் ஜப்பான் ஆய்வாளர்கள் ஆபரேஷனைச் சில எலிகளுக்கு ஒரு நேரத்திலும் மற்ற எலிகளுக்கு வேறு நேரத்திலும் செய்து பார்த்தார்கள். எப்போது வெட்டினாலும், செல்கள் இரண்டாகப் பிரிந்தது நாளின் ஒரே வேளையில்தான். வெட்டுப்பட்ட ஈரல்கூட நேரம் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறது! 'வீ1' என்ற மரபணுதான் அங்கே வாசலில் நிற்கிறது. அது உண்டாக்கும் புரதம் கூடியிருக்கும்வரை செல் பிரியாது. அந்த வாட்ச்மேனுக்கு டியூட்டி போடுவது கிளாக், பிமால்1 ஜோடி. கிரை மரபணு இல்லாத எலிகளில் ஈரல் வளர்வது தாமதமானது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பி53 என்ற காவல் மரபணுவைப் பற்றி புற்றுநோய் வார்டில் வேலை பார்த்த எல்லோரும் கேட்டிருப்பார்கள். டி.என்.ஏ. சேதமான செல்லை நிறுத்தி வைப்பதும், தேறாவிட்டால் சாகச் சொல்வதும் அதுதான். பெர் வகையில் ஒன்றான பெர்2 புரதம் பி53-ஐப் பிடித்துக்கொண்டு அது சீக்கிரம் சிதையாமல் காக்கிறது. 2002-இல் ஹூஸ்டனில் உள்ள பெய்லர் மருத்துவக் கல்லூரியில் பெர்2 பழுதான எலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்தபோது, மற்ற எலிகளைவிட அவற்றுக்கு அதிகமாகப் புற்று வந்தது. செல்லைப் பெருகத் தூண்டும் 'மிக்' என்ற மரபணு அவற்றில் கட்டுக்குள் இல்லை. சாக வேண்டிய செல்கள் சாகவில்லை.

இது ஒருவழிப் பாதை இல்லை என்பதும் முக்கியம். 'மிக்' மிஞ்சிப்போன புற்றுச் செல்களில் அதுவே கடிகாரத்தைக் கலைத்துவிடுவதை 2015-இல் காட்டினார்கள். கடிகாரம் கெட்டதால் புற்று வந்ததா, புற்று வந்ததால் கடிகாரம் கெட்டதா என்று கட்டியை மட்டும் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது.

டி.என்.ஏ. பழுதுபார்ப்புக்கும் நேரம் உண்டு. 2015-இல் வேதியியல் நோபல் பெற்ற அஜீஸ் சன்ஜாரின் ஆய்வுக்கூடத்தில் எலிகளின் தோலில் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார்கள். ஒரு கூட்டத்துக்கு விடிகாலை 4 மணிக்கு, இன்னொரு கூட்டத்துக்கு மாலை 4 மணிக்கு. விடிகாலைக் கூட்டத்தில் தோல் புற்று ஐந்து மடங்கு. பழுதுபார்க்கும் எக்ஸ்பிஏ என்ற புரதம் அந்த வேளையில் குறைவு. எலி ராத்திரியில் நடமாடும் பிராணி, நமக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள்.

அதே ஆய்வுக்கூடம் 2009-இல் இன்னொன்றும் பார்த்தது. பி53 இல்லாத எலிகளுக்குக் கிரை மரபணுவையும் நீக்கினால் புற்று சீக்கிரம் வரும் என்றுதானே நினைப்போம்? தாமதமாக வந்தது. கடிகாரம் கெட்டால் புற்று என்ற ஒற்றைக் கணக்கு நிற்காது என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

மனிதர்கள் விஷயத்திலும் இதே கதைதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் இரவு ஷிஃப்ட் வேலையை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற 2ஏ பட்டியலில் வைத்தது. 2019-இல் மறுபடி பார்த்துவிட்டு அங்கேயே வைத்தது. விலங்குகளில் சான்று போதுமானது, மனிதர்களில் குறைவு என்பது அதன் கணக்கு. 2001-இல் அமெரிக்க நர்ஸுகள் 78,562 பேரை வைத்து வந்த ஆய்வில், 30 வருடமோ அதற்கு மேலோ மாறி மாறி நைட் பார்த்தவர்களுக்கு மார்பகப் புற்று 36 சதவீதம் அதிகமாக இருந்தது. 2016-இல் பிரிட்டனிலிருந்து வந்த பெரிய ஆய்வு, அப்படி ஒன்றும் தெரியவில்லை என்றது. டென்மார்க்கில் இந்த நூறாண்டின் முதல் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே, நீண்ட காலம் நைட் பார்த்து மார்பகப் புற்று வந்த பெண்களில் சிலருக்கு அதைத் தொழில்நோயாக ஏற்று இழப்பீடே கொடுத்தார்கள்.

டென்மார்க் செய்தியைப் படித்த அன்று நான் அழுதேன். எனக்கும் பணம் வரும் என்று இல்லை. அதுவரை 'நான் உடம்பைப் பார்த்துக்கொள்ளவில்லை' என்று என்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு நாட்டில் அதை வேலை சம்பந்தப்பட்ட விஷயமாக, டியூட்டி ரோஸ்டர் சம்பந்தப்பட்ட விஷயமாகப் பார்த்திருக்கிறார்கள். ராத்திரி முழுக்க நாங்கள் யாருக்காக விழித்திருந்தோம்? அடுத்தவர் உயிருக்காகத்தானே!

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். அடுத்த கீமோ சைக்கிளுக்கு முன் டாக்டரிடம் டெக்சா ராத்திரிகளைப் பற்றிச் சொன்னேன். எனக்கு முதல் தடவை அலர்ஜி எதுவும் வராததால், மாத்திரைக்குப் பதில் காலையில் மருந்து ஏற்றுவதற்கு அரை மணி நேரம் முன் ஊசியாகப் போட மாற்றினார். ராத்திரி தூங்கினேன். கீமோவில் இருப்பவர்கள் தூக்கம் வரவில்லை என்பதைச் சின்ன விஷயம் என்று மறைக்க வேண்டாம். டெக்சா நேரத்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், அந்த அலர்ஜி ஆளையே சாய்த்துவிடும். வாந்திக்காக டெக்சா எழுதியிருந்தால் காலையில் போடலாமா என்று கேட்பதிலும் தப்பில்லை.

கீமோவையே குறிப்பிட்ட நேரத்தில் ஏற்றினால் நல்லது என்று படித்துவிட்டு டாக்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பிரான்ஸில் பிரான்சிஸ் லெவியும் அவரோடு இருப்பவர்களும் இதைப் பல வருடமாக ஆராய்கிறார்கள். பரவிய பெருங்குடல் புற்று உள்ள 564 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், நேரம் பார்த்து மருந்து ஏற்றியதால் மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை. பிரித்துப் பார்த்தால் ஆண்களுக்கு நல்லதாகவும் பெண்களுக்குப் பாதகமாகவும் இருந்தது. ஒரே அட்டவணை எல்லோருக்கும் ஒத்துவராது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

"தூங்கும்போதுதான் புற்று பரவுகிறது" என்று ஒரு வாட்ஸாப் செய்தி வந்து என்னைப் பாடாய்ப் படுத்தியது. மூலத்தைத் தேடிக் கொடுத்தாள் மருமகள். 2022-இல் ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர்கள் மார்பகப் புற்று உள்ள 30 பெண்களின் ரத்தத்தை விடிகாலை 4 மணிக்கும் காலை 10 மணிக்கும் எடுத்தார்கள். ரத்தத்தில் மிதந்த புற்றுச் செல்களில் 78 சதவீதம் விடிகாலை ரத்தத்தில் இருந்தது. உண்மைதான். அதற்காகத் தூங்காமல் இருந்தால் நல்லது என்று அவர்கள் சொல்லவில்லை. ரத்தம் எடுக்கும் நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும், சிகிச்சையின் நேரத்தையும் யோசிக்க வேண்டும் என்பதே அவர்கள் பேச்சு.

படுக்கை அறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துப் போட்டேன். இருட்டில் சுரக்கும் மெலட்டோனின் என்ற ஹார்மோனை வெளிச்சம் நிறுத்திவிடும். அதை மாத்திரையாக வாங்கிப் போட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், துணி போதும். தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, காலை வெயிலில் அரை மணி நடக்கிறேன். சாப்பாடும் கடிகாரத்தைத் திருப்பும், முக்கியமாக ஈரலில் உள்ளதை. எலிக்குச் சோறு வைக்கும் நேரத்தை மாற்றினால், மூளைக் கடிகாரம் ஒரு பக்கமும் ஈரல் கடிகாரம் வேறு பக்கமுமாக ஓடுவதை 2000-இலேயே ஜெனீவாவில் காட்டிவிட்டார்கள். வார்டில் ராத்திரி 2 மணிக்குப் பரோட்டா பார்சல் பிரிப்போம். இப்போது நைட் பார்க்கிற பிள்ளைகளிடம், டியூட்டிக்கு முன்னால் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு நடுராத்திரியில் லேசாக எதையாவது எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். இதெல்லாம் புற்றைத் தடுக்கும் என்று நான் சொல்லவில்லை. தூக்கம் தேறியது, வயிறு தேறியது.

வேலைக்குத் திரும்பியதும் ரோஸ்டரைப் பற்றிப் பேசினேன். தனியாகப் போகவில்லை, ஆறு பேராகப் போனோம். ஐரோப்பிய நிபுணர்கள் சிலர் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையைக் கையில் வைத்துக்கொண்டோம்: தொடர்ந்து மூன்று நைட்டுக்கு மேல் வேண்டாம், இரண்டு டியூட்டிக்கு நடுவே குறைந்தது 11 மணி நேரம் இடைவெளி, டியூட்டி 9 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. 9 மணி நேரம் கிடைக்கவில்லை. 10 நைட் தொடர்ச்சி 4 ஆனது. அதற்கே ஏழு மாதம் ஆயிற்று. மார்பகப் பரிசோதனைக்கு விட்டால் வார்டில் ஆள் குறையும் என்று ஆட்சேபித்தவர்களே, நைட் முடித்து இறங்குகிற அன்று காலையிலேயே பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்பதற்கு ஒத்துக்கொண்டார்கள். இதுவரை அப்படி மூன்று பிள்ளைகளை நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. செல்லின் கடிகாரத்தைப் பார்க்க நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, 48 மணி நேரம் வரை தட்டுத் தட்டாக எடுத்து உறைய வைக்க வேண்டும். அதற்காக மருமகள் மாதத்தில் இரண்டு தடவை லேபிலேயே அலாரம் வைத்துப் படுப்பாள். "எனக்கு இத்தனை சொல்றியே கண்ணு, உனக்கு யாரு சொல்றது?" என்று கேட்டேன். அன்றைக்குச் சிரித்து மழுப்பினாள். போன மாதம் கூப்பிட்டாள்.

"அத்தை, வழி கண்டுபுடிச்சுட்டனுங். ஒரு கூட்டம் செல்லுக்குக் காலைல எட்டு மணிக்கு டெக்சா, இன்னொரு கூட்டத்துக்கு ராத்திரி எட்டு மணிக்கு. மறுநாள் காலைல பாத்தா ஒண்ணுக்கு இருபத்திநாலு மணி நேரம் ஆயிருக்கும், இன்னொண்ணுக்குப் பன்னெண்டு. எட்டு, பன்னெண்டு, நாலு, ராத்திரி எட்டுன்னு ரெண்டு நாள் எடுத்தாப் போதுங். ஒரு ராத்திரிகூட முழிக்க வேண்டியதில்லீங்."

"அப்ப இன்னைக்கு எத்தனை மணிக்குப் படுக்கப் போறே?"

"பத்துங் அத்தை."

மணி ஒன்பதே முக்கால். போனை வைக்கச் சொன்னேன்.